ஊரும் குடியும் கோயிலும்

சிவமயம்

(திருக்குடமுழுக்கு நன்னாளில் நிகழ்ந்த சொற்பொழிவு)



குடமுழுக்கு நன்னீர் விமானத்துக் கலசத்தின்மேல் பொழியுங்கால் அண்ணாந்து நோக்காத கண் இல்லை. கூப்பாத கை இல்லை. அந்நீர் கலசத்தோடு நின்றுவிடுவதன்று. கீழே குழுமி நிற்கும் அடியார் தலைமேலும் அது தெளிக்கப்பெறுகின்றது. ஆண்டவனை ஆட்டிய நீர் அடியாரையும் நனைத்தல் வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. ஆதலின், கோயிலின் பெருமையைப் போற்றும் இந்நாளில், அக்கோயிலைச் சூழ்ந்து வாழும் மக்களின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் பொருத்தமுடைத்தேயாகும்.

கோயில் என்னும் சொல் கோவினது இல் எனப் பொருள்படும். இல் என்பது வீடு. இறைவன் உறையும் இடத்துக்கும் எளியவன் உறையும் இடத்துக்கும் தமிழ்மொழி ஒரே சொல்லை வழங்கியுள்ளது. கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்று மூத்தோர் கூறுவர். அம்மொழியை மறுபுறம் திருப்பியும் கேட்டல் தகும்: குடியிருக்க இடமில்லாத ஊரில் எழும் கோயில் யார்பொருட்டு? இவ்வினாவை எழுப்புதற்கு ஸ்ரீபெரும்புதூரும், ஒரகடமும், அவ்விரண்டையும் சூழ்ந்த சிற்றூர்களும் ஏற்ற இடங்களாகும்.

பூதங்கள் பெற்ற ஊர்

சென்னையிலிருந்து காஞ்சிமாநகர்க்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்தது ஸ்ரீபெரும்புதூர். பூதபுரி, பெரும்பூதூர் என்பன அதன் பழம்பெயர்கள். அப்பெயர்க்குக் காரணமாகத் தலபுராணம் கூறும் வரலாறு சிந்தித்தற்குரியது. சிவபெருமான் திருநடம் புரிந்தகாலை, பூதகணங்கள் சில நகைத்தனவாம். அப்பிழையால் அவை பெருமானின் திருமுன்பினின்றும் நீங்கின. தம் தலைவனையும் இடத்தையும் இழந்த அக்கணங்கள் கேசவப் பெருமானை நோக்கித் தவங்கிடந்தன. அப்பெருமானருளால் அனந்தசரசு என்னும் திருக்குளம் உண்டாயிற்று. அதில் மூழ்கிப் பழி நீங்கிய பூதங்கள் அவ்விடத்தே கோயிலும் ஊரும் சமைத்தன என்பது ஐதிகம்.

சைவமும் வைணவமும் கைகோத்து நிற்கும் இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. பூதகணங்கள் என்போர் பணி செய்வோர், ஏவல் கேட்போர். இருந்த இடம் விட்டுப் பெயர்ந்து வந்த பணியாளர்க்கு முதலில் கிட்டியது நீர். பின்பு கிட்டியது இடம். அதன்பின்னரே கோயில் எழுந்தது. வந்தாரை ஏற்றமையே இவ்வூரின் பிறப்புக்குக் காரணம் எனலாம். ஆதிகேசவப் பெருமாள் திருக்கோயிலும், பூதபுரீசுவரர் என்னும் திருநாமம் தாங்கிய சிவாலயமும் இன்றும் அவ்வரலாற்றுக்குச் சான்றாக நிற்கின்றன.

இவ்வூரிலேதான் 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றினார். பூந்தமல்லியைச் சார்ந்த திருக்கச்சிநம்பிகள் காஞ்சிக்கு நடந்து செல்லும் வழியில், இளைஞராயிருந்த இராமாநுசர் அவரை எதிர்கொண்டு தம் மனைக்கு அழைத்துப் போற்றினார் என்பர். குலத்தை நோக்காது, வழிநடந்து வந்த அடியாரின் களைப்பையும் அன்பையும் நோக்கிய செயல் அது. இன்று நாள்தோறும் பல்லாயிரம் ஊர்திகள் ஓடும் நெடுஞ்சாலை, பெரும்பாலும் அந்நம்பிகள் நடந்த வழியே செல்கின்றது.

சிறிது தொலைவிலுள்ள குன்றத்தூர், பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர். ஒரகடத்துக்கு அணித்தாகிய வல்லக்கோட்டையில் ஏறத்தாழ ஏழடி உயரமுடைய முருகப்பெருமான் நின்றருள்கின்றான். அருணகிரிநாதர் பாடல் பெற்ற தலம் அது. இங்ஙனம் நாற்புறமும் அருளாளர் அடிபட்ட நிலம் இது.

பழைய ஊரின் அமைப்பு

இந்நாட்டின் பழைய ஊர்கள் எங்ஙனம் அமைந்திருந்தன? முதலில் ஏரி, அதன் கீழ் வயல், மேட்டில் குடியிருப்பு, நடுவே கோயில், ஊர்ப்புறத்தே சத்திரம். செம்பரம்பாக்கம் போன்ற பேரேரிகளும், எண்ணிறந்த சிற்றேரிகளும் நிறைந்தமையால் இப்பகுதி ஏரிகளின் நாடு எனப் பெயர் பெற்றது. வீட்டின் முன்புறம் திண்ணை ஒன்று கட்டாதவர் அரியர். அத்திண்ணை வீட்டாரினும் வழிப்போக்கர்க்கே மிகுதியும் பயன்பட்டது. கதவு அடைத்த பின்னரும் அயலார்க்குத் திறந்திருந்த அறம் அது.

இம்மாவட்டத்தைச் சார்ந்த உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்று, குடவோலை முறையால் வாரியப் பெருமக்கள் தேர்ந்தெடுக்கப்பெற்றமையை அவை விரித்துரைக்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியம். தோட்டத்தைப் பேணத் தோட்ட வாரியம். தேர்ந்தெடுக்கப்பெறுவோர்க்குரிய தகுதிகளுள் ஒன்று, வரி செலுத்தும் கால்வேலி நிலம் உடைமை. மற்றொன்று, தன் மனையில் தானே வீடு எடுத்துக்கொண்டு வாழ்தல். வீடுடையவனுக்கே ஊர்க்காரியத்தில் சொல் உண்டு என்பது அக்காலத்து விதி. அவ்விதியின் குறையை இக்காலத்தார் எளிதிற் காண்பர். ஆயினும் அதனுள் உறையும் ஓர் உண்மையை மறுத்தல் அரிது. வீடில்லாதவன் குரல் ஊரில் ஏறுவதில்லை என்பதே அவ்வுண்மை.

ஒரகடத்தின் வழியாகச் செல்லும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிற் சென்று, வாலாஜாபாத்தைக் கடந்தால், பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்தே திருமுக்கூடல் அமைந்துள்ளது. அங்குள்ள திருமால் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1067ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பெற்றது, காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து கல்விச்சாலை ஒன்றும், மாணவர் விடுதி ஒன்றும், வீரசோழன் என்னும் பெயரால் ஆதுலர்சாலை ஒன்றும் நடைபெற்றமையை அது தெரிவிக்கின்றது. ஆதுலர்சாலை என்பது மருத்துவமனை. அதில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர் ஆகியோர்க்குக் கூலி வகுக்கப்பெற்றிருந்தது. குடிநீரில் ஏலமும் வெட்டிவேரும் இடவேண்டும் என்னும் அளவுக்கு அக்கல்வெட்டு கருத்துச் செலுத்துகின்றது. மாணவர் உள்ளிட்ட 60 பேருக்கு உணவும், தலைமுழுக்குக்கு எண்ணெயும், இரவில் விளக்குக்கு எண்ணெயும் அளந்து கொடுக்கப்பெற்றன. அயலூரினின்றும் வந்து தங்குவோர்க்குப் பாயும் சோறும் நீரும் விளக்கும் மருந்தும் அளித்தல் கோயிற்பணியே என்று அக்காலத்தார் கருதினர்.

பிற்காலத்திலும் இம்முறை அறவே அழிந்துவிடவில்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் குவிந்தவுடன், அரசுக்கு அளக்குமுன்னரே, கோயிலுக்கும் ஏரிக்கும், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், தலையாரி முதலியோர்க்கும் உரிய பங்கு எடுத்துவைக்கப்பெற்றமையை அக்கணக்குகள் காட்டுகின்றன. விளைவில் முதற்பங்கு ஊர்ப்பணிக்கு என்பதே அதன் சாரம். சாதியால் இடம் பகுத்த குற்றம் அவ்வூர்களில் இருந்தது. அதனை மறைத்துப் புகழ்தல் நேர்மையன்று. எனினும் உழைப்போன் பங்கை முதலில் எடுத்துவைத்த முறை கொள்ளத்தக்கதேயாகும்.

ஆலைகள் வந்த வரலாறு

ஸ்ரீபெரும்புதூரின் பெயரை உலகம் முழுதும் துயரத்தோடு கேட்ட நாள் 1991 மே 21. முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி இங்கே கொலையுண்டார். அவர் நினைவிடம் 2003இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது.

அதற்கிடையே ஊரின் தோற்றம் மாறலாயிற்று. 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இப்பகுதியில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வாகன ஆலைக்கு 1996இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1998இல் அங்கிருந்து கார்கள் வெளிவரலாயின. 2000ஆம் ஆண்டில் கண்ணாடி ஆலையும், 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்பீல்டு மோட்டார்சைக்கிள் ஆலையும் திறக்கப்பெற்றன. கால் நூற்றாண்டுக்குள் ஏரியும் வயலுமாய்க் கிடந்த நிலம் வாகனங்களும் மின்னணுக் கருவிகளும் செய்து உலகுக்கு அனுப்பும் தொழிற்களமாயிற்று.

இவ்வளர்ச்சியை இகழ்தல் அறியாமையாகும். இளைஞர்க்கு வேலை கிடைத்தது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பெண்மக்கள், தம் பெயரால் வங்கிக் கணக்கு தொடங்கி, தம் ஊதியத்தால் தம்பி தங்கையரைப் படிக்கவைத்தனர். கடைத்தெரு பெருகிற்று. 2001ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 16,000 பேரைக் கொண்டிருந்த ஸ்ரீபெரும்புதூர், 2011இல் 24,000க்கு மேற்பட்டோரைக் கொண்டதாயிற்று. நெடுங்காலம் பேரூராட்சியாக இருந்த அவ்வூர் அண்மையில் நகராட்சி நிலைக்கு உயர்ந்துள்ளது. அதன்பின் வந்து குவிந்தோர் எத்துணையர் என்பதை 2011ஆம் ஆண்டுக் கணக்கு கூறமாட்டாது.

ஆலையின் வாழ்வும் நிலையாமைக்கு உட்பட்டதே. உலகின் பேராலைகளுள் ஒன்றாகப் புகழ்பெற்ற நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பெற்றது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்களை நம்பியிருந்த உணவுக்கடையும், வாடகை அறையும், வேன் ஓட்டுநரும் உடன் தளர்ந்தனர். பின்னர் அவ்விடத்தில் வேறோர் ஆலை வந்தது. வேறு மக்கள் வந்தனர். ஆலை மாறும், ஆள் மாறுவர். ஊர் ஒன்றே நிலைத்து நிற்கின்றது. ஆதலின் ஊரின் கடமையை ஆலையின்மேல் முழுதும் சுமத்திவிட்டு ஊரார் ஓய்ந்திருத்தல் இயலாது.

இருக்க இடம்

ஆலைக்கு நிலம் வகுத்தவர்கள் சாலை வகுத்தனர், மின்சாரம் வகுத்தனர், நீரும் வகுத்தனர். ஆலையில் வேலை செய்யும் மக்கள் எங்கே உறங்குவர் என்பதை வகுப்பதற்கு நெடுநாள் சென்றது. திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் கிடைத்த இடத்தில் தங்கினர். தென்னந்தோப்பும் மாட்டுக்கொட்டிலும் இருந்த மனைகளில் வரிசை வரிசையாக அறைகள் எழுந்தன. ஓரறையில் அறுவரும் எண்மரும் தங்குதல் வழக்கமாயிற்று. இரவு வேலைக்குச் செல்வோன் எழுந்த பாயில், பகல் வேலை முடித்தவன் படுக்கும் நிலையும் சிலவிடங்களில் உண்டு. கோடையில் லாரித் தண்ணீரும் மழையில் சேற்று வழியும் அவர்தம் பங்காயின. இத்துணைப் பெருந்தொழில் நடக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்றுவரை தொடர்வண்டி நிலையமும் இல்லை.

2021 டிசம்பரில் இந்நிலை நாட்டார் அனைவர் கண்ணிலும் பட்டது. கைப்பேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, 150க்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். அவர்தம் தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் அமர்ந்து முறையிட்டனர். ஆலை சில வாரம் மூடப்பெற்று, 2022 ஜனவரியில் மீண்டும் திறந்தது. அப்பெண்கள் அன்று ஊதிய உயர்வை முதலிற் கேட்கவில்லை. உண்ணத்தக்க சோறும் உறங்கத்தக்க இடமும் கேட்டனர். திருமுக்கூடலில் ஒன்பது நூற்றாண்டுக்கு முன் அளந்து கொடுக்கப்பெற்றவை அவையே அல்லவோ!

அம்முறையீடு வீண்போகவில்லை. வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாய்ச் செலவில், 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய குடியிருப்பை எழுப்பியது. 2024 ஆகஸ்டு 17ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. ஓர் அரசு நிறுவனம் தொழிலாளர் உறையுளை ஆலைக்கு இணையான காரியமாகக் கருதிச் செய்தமை பாராட்டுக்குரியது. ஆயினும் 18,720 என்பது ஒரு பகுதியே. சிற்றாலைகளிலும், ஒப்பந்த வேலைகளிலும், கட்டடப் பணிகளிலும் இருப்போர் இன்றும் வாடகை அறைகளிலேயே வாழ்கின்றனர்.

திருப்பணி தொடங்குங்கால் மூர்த்திகளைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தல் ஆகம மரபு. இறைவனுக்கும் சிலகாலம் சிற்றிடத்தில் தங்கல் உண்டு. ஆனால் பாலாலயம் முடிவற்றதன்று. திருப்பணியை விரைந்து முடித்து, மூர்த்தியைத் தன் இருப்பிடத்தில் எழுந்தருளச் செய்யும்வரை அன்பர் உள்ளம் அமைதி கொள்வதில்லை. பணிக்கு வந்த மக்களோ ஆண்டுக்கணக்கில் பாலாலயத்திலேயே வாழ்கின்றனர். அவர்பொருட்டுப் பதைக்கும் உள்ளமும் வேண்டுவதன்றோ?

ஊருக்கு அட்டபந்தனம்

மூர்த்தியைப் பீடத்தோடு பிணிப்பது அட்டபந்தன மருந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் சேர்த்து இடித்தால்தான் பிடிப்பு உண்டாகும். ஒன்று குறையினும் பிணிப்புத் தளரும். குடிகளை ஊரோடு பிணிக்கவும் எட்டுப் பொருள்கள் உள்ளன: வீடு, நீர், உணவு, மருந்து, கல்வி, வழி, விளக்கு, வழிபாடு. கோயிலைச் சார்ந்த அன்பர்கள் இவற்றுட் பலவற்றைத் தாமே செய்தல் கூடும்.

வீட்டைப்பற்றி முதலிற் கூறுதல் வேண்டும். இப்பகுதியின் திருப்பணிகளுக்குப் பொருளுதவும் செல்வருள், நிலம் விற்றோரும் அறைகளை வாடகைக்கு விடுவோரும் பலர். உண்டியலில் இடும் கையும் வாடகை வாங்கும் கையும் ஒன்றே. ஒன்றில் அறமும் மற்றொன்றில் கடுமையும் இருத்தல் பொருந்தாது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகலாகாது என்பது தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் விதி. சட்டத்தின்வழி நின்று, அறைக்கு இத்துணைப் பேர் என வரையறுத்து, காற்றும் ஒளியும் கழிப்பிடமும் நல்ல நீரும் அமைத்துக் கொடுக்கும் வீட்டுடையார், கோபுரத்தில் ஒருநிலை எழுப்பிய பயனைப் பெறுவர்.

நீர்ப்பணியின் பெருமையை அப்பூதியடிகள் வரலாறு உணர்த்தும். திருநாவுக்கரசரை நேரிற் காணாமுன்னரே, அவர் திருப்பெயரால் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் அமைத்தவர் அவர். குன்றத்தூர்ச் சேக்கிழார் பாடிய வரலாறு அது. குன்றத்தூரை அண்டிய சாலைகளில், ஆலைப் பேருந்துக்கு வெயிலில் நிற்போர்க்கு ஆண்டு முழுதும் தண்ணீர்ப்பந்தல் அமைத்தல் சேக்கிழார்க்குச் செய்யும் நேரிய வழிபாடாகும்.

உணவும் அவ்வாறே. 2002 முதல் தமிழ்நாட்டுத் திருக்கோயில்கள் பலவற்றில் அன்னதானத் திட்டம் நடைபெறுகின்றது. இரவு வேலை முடித்து வருவோர் உறங்கியெழும் வேளையையும் எண்ணி அதன் காலத்தை அமைத்தல் நன்று. வேற்று மாநிலத்தார் தம் குடும்ப அட்டையைக் காட்டி இங்கும் அரிசியும் கோதுமையும் பெறும் திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. மொழி அறியாத அவர்க்கு அதனை எடுத்துச் சொல்லுதலே ஓர் அறம். நோயுற்றார்க்கு மருத்துவமனைக்கு வழிகாட்டலும், குழந்தைகளைப் பள்ளியிற் சேர்ப்பித்தலும் அத்தகையனவே.

சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றெரிய 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டனர். கருவறையில் அவ்விளக்கு அணையாது எரிதல் வேண்டும். அஃதன்றி, பேருந்து நிற்குமிடத்திலிருந்து விடுதி வரையுள்ள வழி சீர்செய்யப்பெற்று, இருளில் தனியே நடந்துவரும் பெண்மகள் அச்சமின்றிச் செல்லத் தெருவிளக்குகளும் எரியுமாயின், அவையும் நந்தாவிளக்கேயாகும்.

எட்டாவதாகிய வழிபாட்டில், வந்தார் எம்மொழியினராயினும் எம்மாநிலத்தவராயினும் அயலார் என்னும் எண்ணம் எழலாகாது. காஞ்சியில் அடியார் ஆடையை வெளுத்தளித்த திருக்குறிப்புத்தொண்டர் அறுபத்துமூவருள் ஒருவரானார். உழைத்த கை எதுவாயினும் அது தொழத்தக்க கை என்பதே அவ்வரலாறு கற்பிப்பது.

பூசலார் கட்டிய கோயில்

ஸ்ரீபெரும்புதூர்க்கு வடக்கே, தொலைவில்லாத ஊர் திருநின்றவூர். அங்கு வாழ்ந்த பூசலார் பொருளின்மையால் மனத்தினுள்ளேயே கோயில் கட்டினார். காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்து, குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அந்நாளிலேயே பூசலாரும் குறித்திருந்தார். இறைவன் அரசன் கனவில் தோன்றி, அன்பன் ஆலயத்தில் அன்று புகுதல் வேண்டுமாகலின், வேறொரு நாள் கொள்க என்று உரைத்தருளினான். அரசன் திருநின்றவூருக்கு விரைந்து சென்று பூசலாரை வணங்கினான். அவன் கட்டிய கற்றளியை இறைவன் வெறுத்தானல்லன். எங்கே முதலிற் புகவேண்டும் என்பதை அவனுக்கு அறிவித்தான்.

இத்திருக்கோயிலுக்குப் பொன்னும் பொருளும் உழைப்பும் ஈந்த அன்பர்களின் தொண்டு பெரிது. கலசத்தின்மேல் வீழ்ந்த நீர் காய்வதற்கு முன்னரே, அடுத்த திருப்பணி எங்குள்ளது என்பதை அவர்கள் சுற்றிலும் நோக்குவாராக. ஓரறை, ஒரு தண்ணீர்ப்பந்தல், ஒரு தெருவிளக்கு எனச் சிறிதாகத் தொடங்கினும், இறைவன் முதலிற் புகும் இடம் அதுவே ஆகலாம். பூதங்களுக்கு நீரும் இடமும் தந்து தோன்றிய ஊர், வந்தார்க்கு அவற்றைத் தந்தே என்றும் ஊராக நிலைபெறுமாக.

திருச்சிற்றம்பலம்.